மதிப்பெண் பட்டியலின் முதுகு

அன்புத் தங்கச்சி ஆரோக்கியமேரிக்கு,

ஆவூரில் உனக்கு மண் போட்டுவிட்டு வந்து நாற்பது நாள் ஆகிறது. நம் பள்ளி அலுவலகத்தில் மறுபடியும் பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன். இங்கிட்டு ஒரு கட்டு, அங்கிட்டு ஒரு கட்டு என்று மேசை முழுக்க விண்ணப்பங்கள். என்னைத் திட்டத்தான் பக்கத்து மேசையில் ஆள் இல்லை.

இன்று நிவேதா வந்தாள். அதுதான், ஜெர்மனியில் பத்தாவது வரை படித்துவிட்டு அம்மாவோடு ஊர் திரும்பிய அரிமளத்துப் பிள்ளை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை முதலில் உன்னிடம்தான் காட்டவேண்டுமாம். "மேரி மேடம் எங்க சார்?" என்றாள். நாற்காலியை இழுத்துப்போட்டு முதலில் உட்காரச் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. அவள் கொண்டுவந்த பட்டியலில் கணக்குக்கு 1, உயிரியலுக்கு 1, இயற்பியலுக்கு 2. வேறு போர்டுகளில் படித்து, பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று வாங்கி வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியதால், இதையும் பத்துக்கு என்றே எடுத்துக்கொண்டேன். பத்துக்கு ஒன்று வாங்கிய பிள்ளை முதல் குரூப் கேட்கிறதே என்று சிரிப்புகூட வந்தது. தகுதி இல்லாதவர்கள் கட்டில் செருகிவிட்டேன். மகள் நன்றாகப் படிப்பாள் என்று அவள் அம்மா சொன்னார். எந்த அம்மாதான் சொல்லவில்லை?

அந்தக் கட்டை நீ ஏன் பிரித்தாய்? அது உன் வேலையே இல்லை. ஆனாலும் நான் தள்ளியதை ஒருமுறை பார்க்காவிட்டால் உனக்குச் சோறு இறங்காது.

"பாஸாகி வந்திருக்குன்னு டிசி சொல்லுதுண்ணே. மார்க்கு பெயிலுங்குது. இதோட முதுகு எங்க?" என்றாய். தாளின் பின்பக்கம் உனக்கு எப்போதும் முதுகுதான். கட்டில் இருந்ததோ ஒரு பக்க ஜெராக்ஸ்.

நீ சொல்லியனுப்பி, மறுநாள் தாயும் மகளும் அசலோடு வந்தார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நாலைந்து வரி, எல்லாம் ஜெர்மன். நீ வேறு யாரையும் தேடவில்லை. அவளையே உட்காரவைத்து, "நீயே படிச்சுச் சொல்லும்மா" என்றாய். ஒன்று என்றால் மிக நன்று, ஆறு என்றால் தேறவே இல்லை. விளையாட்டுக்கு நான்கு என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அதோடும் நீ விடவில்லை. ஒன்றை நூறாக எழுதிவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்று, கணக்கு டீச்சரிடம் சொல்லி அவளை ஒரு தேர்வு எழுதவைத்தாய். நன்றாகவே எழுதினாள், முதல் குரூப்பும் கிடைத்தது. அந்த நிதானம் எனக்கு இத்தனை வருஷத்திலும் வரவில்லை, ஆரோக்கியம்.

அசலை முதல் நாளே சாரிடம் கொடுத்ததாகவும், ஜெராக்ஸ் எடுத்தது சார்தான் என்றும் அவள் அம்மா சொன்னபோது நீ என் பக்கம் திரும்பவே இல்லை. தலைமையாசிரியர் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். "மெஷின்ல ஒரு பக்கந்தான் விழுந்திருக்கு சார்" என்றாய்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பின்பக்கத்தை நான் பார்த்தேன். புரியாத பாஷைக்கு எதற்கு இன்னொரு தாள் என்று விட்டுவிட்டேன். உனக்கு அது தெரியுமா? தெரிந்துதான் என்னிடம் கேட்காமல் இருந்தாயா? நீ இருந்தவரை மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

இன்று நிவேதாவிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். நீ போய்விட்டதை, அவளை நான் எந்தக் கட்டில் செருகினேன் என்பதை. கையிலிருந்த பட்டியலை மடியில் வைத்து நீவினாள். பிறகு, "ஆவூருக்கு எந்த பஸ்ஸு சார்? மேடத்துக்கிட்ட காட்டிட்டு வாரேன்" என்றாள்.

போகுமுன் அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். உயிரியலில் நூறு. கை தானாகவே தாளைத் திருப்பியது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்த மேசையில் நான் இருக்கும்வரை, முதுகைப் பார்க்காமல் ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்ப மாட்டேன். எனக்குப் புரியாவிட்டால் அந்தப் பிள்ளையையே படிக்கச் சொல்வேன்.

நாலே மாதம் மூத்தவனை வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிட்டாயே,
அந்த அண்ணன்,
பழனியப்பன்