முதுகு தெரியும் அம்மா

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு முழங்கால் தொல்லை தவிர வேறு குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நம்பாமல் வேறு என்ன செய்வது?

உன் கடிதம் வந்தது. இங்கே அம்மாக்களைப் பற்றி நடக்கும் ஓவிய, சிற்பக் கண்காட்சியில் நீ வரைந்த படத்தைப் பார்த்த அத்தை, பெற்றவளைக் கல்நெஞ்சக்காரியாகக் காட்டிவிட்டாய் என்று போனில் திட்டினாளாம். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கழற்றச் சொல்லப் போகிறாயாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நேற்று தையல் கடையைச் சாத்திவிட்டு நானே பஸ் ஏறிப் போனேன்.

கூடம் முழுக்க அம்மாக்கள். ஒருத்தி பால் கொடுக்கிறாள், ஒருத்தி முத்தமிடுகிறாள், கல்லில் செதுக்கியவள்கூடக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒருத்தி தோளிலாவது பால் கக்கிய கறை இருக்க வேண்டுமே! யார் பெற்ற சமர்த்துப் பிள்ளைகளோ.

கடைசிச் சுவரில் நான். மிஷின்மேல் குனிந்திருக்கும் முதுகு மட்டும். கழுத்தில் கிடக்கும் இன்ச் டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தபடி, நாலு வயது நீ தரையில் உட்கார்ந்து அழுகிறாய்.

உள்பக்கத் தையலைப் பார்க்காமல் எதையும் நல்ல வேலை என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. படத்தின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். காவலாளி ஓடி வந்து, "தொடக்கூடாதும்மா!" என்றார். இது நான்தான் என்றேன். நம்பவில்லை. "எங்க, திரும்பி நில்லுங்க பாப்போம்" என்றார். நின்றேன். "அட, ஆமா!" என்று இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் இடது தோள் சற்றுத் தாழ்ந்திருப்பதைக்கூட நீ விடவில்லையே!

அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். படத்தில் பொய் எதுவும் இல்லை. உன் அப்பா நம்மை விட்டுப் போன புதிது. விடிந்தால் கொடுக்க வேண்டிய துணி கையில். நீ அழுதாய், நான் திரும்பவில்லை. திரும்பினால் தூக்கிவிடுவேன், தூக்கினால் வேலை நின்றுவிடும். இந்த அம்மாவையும் யாராவது வரைவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. என் மகள் வரைந்துவிட்டாள். பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

படத்தைக் கழற்றாதே. அம்மா சொன்னால் கேட்க வேண்டும்.

லீவு கிடைத்ததும் வா. மிஷினை மூடிவிட்டு உன் எதிரே உட்காருகிறேன், எவ்வளவு நேரமானாலும் எழுந்திருக்க மாட்டேன். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், அதையும் வரை.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன் அம்மா