பக்கத்துத் தோட்டத்து ஆறுமணிக் குருவி

அக்டோபர் 14, செவ்வாய்
விடியற்காலை மழை. மாடியில் துணியெல்லாம் நனைந்துவிட்டது. சேலையூரில் ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை, அரை நாள் லீவு.

இவர் காலில் மாவுக்கட்டு பிரிக்க இன்னும் மூன்று வாரம். ஜன்னலோரக் கட்டிலே கதி. எது கேட்டாலும் "ம்."

சாயங்காலம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். "விசில் கேக்குதா?" எனக்குக் கேட்கவில்லை. ஆறுமணிக் குருவியாம். குளிருக்கு வடக்கேயிருந்து வருவது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும். இந்தத் தெருவில் கேட்டுப் பல வருடமாகிறது. பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் தோட்டத்தில்.

போய்ப் பார்க்க முடியாது. இவர் பறவை பார்க்கும் மதிலோர மாமரத்தை அண்ணன் வெட்டியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

15, புதன்
வெயில். இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. விடியும் முன்பே இவர் விழிப்பு. கூப்பிட்டது. நானும் கேட்டேன்.
வாங்க: தயிர், பல்ப், இவர் மாத்திரை.

16, வியாழன்
கேட் சத்தம். ஏழுமலை அண்ணன், கையில் செருப்பு டப்பாவுடன். வாசலிலேயே நின்றார்.

"சார் கீறாரா? ஜன்னல் கண்ணாடில மோதி வுயுந்துச்சு. இன்னா பண்றதுன்னு தெரியல. சாருக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

இவர் மூடியை விரலளவு திறந்தார். பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஊத்த வேணாம். இருட்டுல கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்."

டப்பா இவர் மடியில். அண்ணன் போகவில்லை. ஃபேனை நிறுத்தினேன்.

வெகுநேரம் கழித்து உள்ளே தத்தும் சத்தம். அண்ணனையே கொண்டுபோய் விடச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். எலுமிச்சை மரத்தடியில் டப்பாவைச் சாய்த்தார். தத்தித் தத்திச் சருகுக்குள் போய்விட்டது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்காத மாதிரி அடுப்பங்கரைக்கு வந்துவிட்டேன்.

17, வெள்ளி
அண்ணன் வீட்டு ஜன்னலெல்லாம் பழைய பேப்பர் ஒட்டியிருக்கிறது. சருகு பெருக்க வந்த ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல்:

"சார், அந்த மரத்து வேரு எங்க செவுத்தப் பொளந்துகினு இருந்துச்சு. அதான்."

"தெரியும்" என்றார் இவர். எனக்கு இது புதுச் செய்தி.

18, சனி
மேகமூட்டம். சாயங்காலம் அண்ணன் வந்து இவரைக் கைத்தாங்கலாக அவர் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். எலுமிச்சைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஆறு தாண்டியும் குரல் இல்லை. கொசு.

"பூட்ச்சா சார்?"

"போயிருக்கும். இங்க களைப்பாற இறங்கும். அப்புறம் இன்னும் தெற்க போயிடும்."

எழுந்து வருவார்கள் என்று பார்த்தேன். அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கும் கதைக்குப் போய்விட்டது பேச்சு. இவர் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. இரண்டாவது தடவை காபி போட்டு எடுத்துப் போகிறேன்.