கல்யாணத் துணியில் என் கவுன்

மில்டுரா, ஆஸ்திரேலியா

அன்புள்ள அம்மா,

நான் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

தம்பி ஜோனேயின் கல்யாணத்துக்கு நம் வீட்டார் எல்லாரும் ஒன்றுபோல் உடுத்த எடுத்த பூத்துணியில், எனக்கு அனுப்பியதைச் சட்டைக் காலர் வைத்த கவுனாகத் தைத்தேன். பழைய அளவுக்கு வெட்டியதால் தோளில் ஏறவில்லை. குண்டூசி குத்திப் பார்த்த அறைத்தோழி லோசனா, "ஆரஞ்சுப் பெட்டி தூக்கித் தூக்கி ரக்பிக்காரி மாதிரி ஆயிட்டடி!" என்று சிரித்தாள். கீழ் ஓரத்தை வெட்டித் தோளில் ஒட்டுக் கொடுத்தோம். அழகாக வந்திருக்கிறது. முழங்கால் தெரிகிறது, பாதிரியாரிடம் சொல்லாதே.

பழத்தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்தன்று இதைப் போட்டுக்கொண்டுதான் பழம் அடுக்குவேன். மிச்சத் துணி இருந்தால் அனுப்பு, தலையணை உறை தைக்கத்தான்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. கல்யாணப் போட்டோவுக்கு நிற்கும்போது, நான் இல்லாவிட்டாலும் உன் பக்கத்தில் எனக்கு இடம் விடு. பழைய அளவு போதாது, கொஞ்சம் அகலமாகவே விடு.

உன் மெரேயானி