கருகினது எனக்கு

மார்ச் 9

இல்ல ஆர்லோ, நீ பேசினது நியாயமே இல்ல. பட்டுன்னு போனை வெச்சிட்டே, அதனால பதிலை இங்க எழுதறேன். நான் என்ன புதுசா சொல்லிட்டேன்? வருஷா வருஷம் தீயணைப்பு நிலையத்துல கட்சிக்காரங்க பான்கேக் சுடுற அன்னிக்கு மேடையேறி உன்னை வாருறது யாரு? நான்தானே? நான் உன்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டாத்தான் மாநில செனட்டர் ஆர்லோவோட பிரச்சாரம் தொடங்கிருச்சுன்னு ஊருக்கே அர்த்தம்.

நான் முடித்ததும் நீ ஏப்ரனோடு வருவாய். கல்லில் இருப்பதிலேயே கருகிய பான்கேக்கைத் தேடி என் தட்டில் போடுவாய். கூட்டம் கைதட்டுவது அதற்குத்தான், என் பேச்சுக்கு இல்லை.

இந்த வருஷமும் அதேதான். "ஓட்டு இருந்தா ஆர்லோ நரிக்கும் கைகுடுப்பான். பெட்ரோல் வரியை ஏத்திப் பாலத்தைச் சரிபண்றானாம், அந்தப் பக்கம் இருக்கிறது இவன் மாடுங்க மட்டும்தான்" என்றேன். நீயும்தானே சிரிச்சே?

மார்ச் 11

சரி. ஆர்லோ கோபப்பட்ட அந்த வீடியோவைப் பார்த்தேன். நூலகத்து லோயிஸ் கணினியில் போட்டுக் காட்டினாள்.

டிரேஸ் கால்டன் என்று ஒருத்தன். ஃப்ளோரிடாவில் உட்கார்ந்துகொண்டு தினமும் மணிக்கணக்கில் எங்கள் கட்சி எப்படி இருக்க வேண்டும் என்று இணையத்தில் பேசுகிறவனாம். எங்கள் ஊர் எங்கே என்று கேட்டால் கனடாவைக் காட்டுவான். யாரோ போனில் எடுத்ததை வாங்கிப் போட்டிருக்கிறான். நரி, வரி, மாடு, அதோடு வெட்டிவிட்டான். ஆர்லோவுக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, முறைக்கிற மாதிரி இருக்கிறான். கருகின பான்கேக் இல்லவே இல்லை. கீழே எழுத்து: கூட இருக்கிற கிழவரே சொல்லிட்டார்.

நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

லோயிஸிடம் இன்னொரு தடவை போடச் சொன்னேன். ஆர்லோ முகத்தைப் பார்க்க என்றேன். என் தொப்பி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

மார்ச் 14

சனிக்கிழமை. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நான் வண்டி ஓட்டுவதில்லை. சனிக்கிழமை காபிக்கு ஆர்லோதான் கூட்டிப்போவான். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

வரவில்லை.

மார்ச் 23

கால்டன் போன் செய்தான். அவனேதான். நிகழ்ச்சிக்குப் பதிவாகிறது என்று முதலிலேயே சொன்னான், அதில் அவன் ஏமாற்றவில்லை. "பெரியவரே, நீங்க தங்கம்" என்றான். எது சொன்னாலும் சிரித்தான். என் மனைவி மேவிஸ் செத்தபிறகு இந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டதே இல்லை. போன் வழியாக வந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே?

எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "ஆர்லோவை விலைக்கு வாங்க ரொம்பச் செலவாகாதுப்பா, ஒரு துண்டு ஆப்பிள் கேக் போதும்" என்றேன். அவன் மேசையைத் தட்டுவது கேட்டது.

அப்புறம் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். லாரி போகக்கூடாது என்று பலகை மாட்டியிருப்பது, பள்ளிக்கூட பஸ் சுற்றிப் போவது, ஆர்லோ அதற்காக அலைந்தது. அந்த இடத்தில் அவன் சிரிக்கவில்லை. வேறு அழைப்பு வருகிறது என்றான்.

ஏப்ரல் 2

டயர் கடை பிரேடி ஹூபர் ஆர்லோவை எதிர்த்து மனு கொடுத்திருக்கிறான். கட்சி வேட்பாளர் யார் என்று ஜூனில் கட்சிக்குள் நடக்கிற தேர்தல்தான் இங்கே தேர்தல். நவம்பரில் எதிர்க்கட்சி ஆளே நிறுத்துவதில்லை. ஜூனில் ஆர்லோவை எதிர்த்து இதுவரை யாரும் நின்றதில்லை.

ஏப்ரல் 19

பிரேடி வந்தான். கையில் போன், உடம்பில் கால்டன் விற்கிற கழுகுப் படச் சட்டை. மேடையில் தன் பக்கத்தில் வந்து நிற்க முடியுமா என்றான்.

பாலத்துக்கு என்னடா பண்ணுவே என்று கேட்டேன். நாடே கெட்டுப் போய்க்கிட்டிருக்கு, நீங்க பாலத்தைப் பத்திப் பேசறீங்களே என்றான். நாடு போகட்டும், உன் டயர் லாரி எந்த வழியா வருது என்றேன். அதற்குச் சிரித்துவிட்டான். கெட்ட பையன் இல்லை. அப்புறம்தான் சொன்னான்:

"கட்சிக் கூட்டத்துக்கு நானும் ரெண்டு வருஷம் வந்தேன், பெரியவரே. கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். ஒருத்தரும் பேர்கூடக் கேக்கல. தினம் டயர் மாத்தும்போது கால்டன் பேச்சுதான் காதுல ஓடும். அவரு என்கிட்ட பேசற மாதிரி இருக்கும்."

எனக்கும் அந்தக் குரல் பிடித்துத்தானே இருந்தது? மேடைக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

மே 8

தபாலில் பிரேடிக்கு ஓட்டுக் கேட்டு ஒரு அட்டை. ஊரில் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கும். என் படம், தொப்பியோடு. 'ஒரு துண்டு கேக்குக்கு விலைபோனவர். சொல்வது அவருடைய உயிர் நண்பர்.'

கால்டனைக் கூப்பிட்டேன். அது கிண்டல்டா, அவன் எனக்குத் தம்பி மாதிரி, அந்தப் பேச்சை எடுத்துடு என்றேன். அவன் சிரித்தான். அதையும் ஜோக் என்றே நினைத்துவிட்டான்.

மே 9

ஆர்லோ வீட்டுக்குப் போன் செய்தேன். அவன் மனைவி டோனா எடுத்தாள். "அவரு தொழுவத்துல இருக்காரு, வெர்ன்" என்றாள்.

பக்கத்திலேயே அவன் இருமுவது கேட்டது.

ஜூன் 3

ஆர்லோ தோற்றுவிட்டான். கொஞ்ச ஓட்டில் இல்லை.

நான் அவனுக்குத்தான் போட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 11

கால்டன் இப்போது வேறு ஏதோ ஊர்க் கிழவியைப் பிடித்திருக்கிறான். நன்றாகத்தான் பேசுகிறாள்.

பிப்ரவரி 20

செனட்டர் பிரேடி வந்தான். உட்காரக்கூட இல்லை. பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட்டானாம், அதற்குக் கால்டன் அவனையும் விலைபோனவன் என்கிறானாம். அம்மாவுக்கே போன் செய்து திட்டுகிறார்களாம்.

"இந்த வருஷம் பான்கேக் அன்னிக்கு நீங்க மேடையேற வேண்டாம், பெரியவரே. என்னைப் பத்தி நல்லதா சொன்னாக்கூட வேண்டாம்."

பாவமாக இருந்தது. பாலத்தில் இப்போது கார் போகவும் தடை.

மார்ச் 6

லோயிஸ் வண்டியில் கூட்டிப்போனாள். மேடையில் யாரும் ஏறவில்லை. எல்லோரும் குனிந்து தின்றார்கள். கல்லருகே ஏதோ ஒரு புதுப் பையன், வரிசையில் என் தட்டில் பொன்னிறமாய் ஒன்று போட்டான். கருகின ஓரமே இல்லை. இப்படி ஒன்றை இந்த ஊரில் நான் தின்றதே கிடையாது.

கடைசி மேசையில் டோனாவோடு ஆர்லோ. வருவான் என்று நினைக்கவில்லை.

திரும்பிப் போய் ஒன்றைக் கருக்கித் தரச் சொன்னேன். பையன் விழித்தான், ஆனால் செய்தான். கரியாகவே ஆகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஆர்லோ முன்னால் போய் நின்றேன். நேராகச் சொல்ல எனக்கு வராது, வளைத்துத்தான் வரும். அதனால் கிண்டலில் ஆரம்பித்தேன்.

"ஆர்லோ, நீ தோத்ததுல ஊருக்கு ஒரு நல்லது நடந்திருக்கு, பான்கேக் ருசியா இருக்கு. ஆனா—"

அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அது பதிவாகுதா, வெர்ன்?"

தட்டை வைத்துவிட்டுப் பையில் இருந்ததை எடுத்தேன். என் பழைய மடக்கு போன். அதில் படமே எடுக்க முடியாது, அது அவனுக்கும் தெரியும், அவன்தானே வாங்கிக் கொடுத்தான். காட்டுவதற்காகக் குனிந்து அதைத் திறந்தேன். நிமிர்ந்தபோது அவன் கதவருகே போய்விட்டான். டோனா மேல்கோட்டைத் தோளில் போட்டுவிட்டாள்.

நான் சொல்ல வந்ததில் அவன் காதில் விழுந்தது முதல் பாதி. கிண்டல் பாதி.