முதல் வண்டியின் கொடி

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

அடுத்த மாதம் எங்கள் கம்பெனி பேக்கிங் பிரிவுத் தோழிகள் எல்லோரும் நான்கு ஜீப்பில் பாலைவனத்துக்குச் சுற்றுலா போகிறோம். முதல் வண்டி என் கையில்! ஒத்திகையில் நான் மணல்மேட்டைத் தாண்டி இறங்கியதும், பின்னால் வந்தவர்களுக்கு என் வண்டி தெரியவில்லை. பயப்படாதே, ஹாரன் அடித்தே வரவழைத்துவிட்டேன். இனி என் வண்டியில் உயரமான கம்பம் நட்டுக் கொடி கட்ட வேண்டுமாம். என்ன நிறம் என்று ஒரே சண்டை. "கண்ணு கூசுது அண்ணி" என்று அத்தை கேலி செய்வாரே, அந்த ஆரஞ்சுப் புடவையில் நீ நிற்கும் படத்தைக் காட்டினேன். "இதேதான்!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

அதையே அனுப்பு. முந்தானை கொடிக்கு, மீதி எனக்கு. துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு வேன் வந்துவிட்டது. மூன்று வண்டிகள் உன் புடவையைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கப்போகின்றன என்று அத்தையிடம் மறக்காமல் சொல்!

உன் மகள்