வருஷத்துக்கு முப்பது படி

அக்கா,

அலமாரியை ஒதுக்கும்போது நீங்கள் மணல் நிரப்பிக் கொடுத்த இரண்டு தண்ணீர் பாட்டில்கள் கையில் பட்டன. அரை பாட்டில் மணல்தான். அன்று அதைத் தூக்கவே கை உதறியது. இப்போது முழு பாட்டில் தூக்குகிறேன்.

ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள் நாம், மூத்தவர் நீங்கள். வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது முருகனிடம் வேண்டிக்கொண்டேன்: கை சரியானால், படித் திருவிழாவில் மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்துக்கும் என் கையாலேயே மஞ்சள் குங்குமம் வைக்கிறேன் என்று. மாவுக்கட்டு பிரித்த பிறகுதான், எலும்பு அடர்த்தி குறைந்துபோனது ஸ்கேனில் தெரிந்தது. முதுகை வளைத்துக் குனியக்கூடாது, முதுகெலும்பு நொறுங்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"வேண்டிக்கிறதுக்கு முன்ன டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

பிசியோதெரபி அம்மா சொல்லித்தந்ததைச் செய்யவைக்கத் தினமும் காலையில் வந்தீர்கள். சுவரோரம் நாற்காலி போட்டு, கை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். மூச்சை அடக்கக்கூடாது.

"பத்து ஆயிடுச்சிக்கா, போதும்."

"எட்டுதான். கணக்கு நோட்டு எழுதறவ எண்ணற லட்சணமா இது?"

எட்டுதான் என்று எனக்கும் தெரியும்.

மாதங்கள் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, படித் திருவிழாவுக்குப் போனோம். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல், நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பை இறக்கி ஒவ்வொரு படிக்கும் வைத்தேன். முப்பதாவது படியில் தொடை நடுங்கியது. அடுத்ததற்குக் கை நீட்டினேன்.

"போதும். முருகன் உன் முதுகையா கேட்டான்? மிச்சம் அடுத்த வருஷம். அவன் எங்க போகப்போறான்?"

"இப்படி வெச்சா பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆவும்க்கா."

"ஆங், அப்போ பன்னெண்டு வருஷம் நீ நடந்துகினு இருக்கணும். இன்னா, கசக்குதா?"

அவன் எங்கும் போகவில்லை. மூன்று திருவிழாவுக்குத் தோள் கொடுத்துவிட்டு நீங்கள்தான் போய்விட்டீர்கள், காய்ச்சல் என்று படுத்த ஒரே வாரத்தில்.

இந்த வருஷம் போகவேண்டாம் என்றார் வீட்டுக்காரர். போனேன். பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். முப்பதும் முடிந்தது. தொடை நடுங்கவில்லை, இன்னும் ஐந்தாறு வைக்கலாம் போலிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதட்ட யாருமில்லை.

நானே போதும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன், அக்கா.