கோபிக்குப் போன படகு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு முருங்கை மரம் தெரியவில்லை. வெயில் ஏறியதும் படகின் மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். மூன்று வருஷத்துக் குப்பை. வேப்பஞ்சருகு ஒரு சாக்கு. காலியான குருவிக்கூடு ஒன்று. அணில் கடித்த மிதவைச் சட்டை இரண்டு. தும்மல், தும்மல், தும்மல்.

படகை வாங்கும் கோபி ஊர்க்காரர் போன். பெயர் கதிர்வேல், உணவகம் வைத்திருக்கிறார். வயலுக்கு நடுவே தென்னைகளின் கீழ் படகை நிறுத்தி, கேபினுக்குள் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும்படி செய்யப் போகிறாராம். "சனிக்கெழமை கொண்டாந்துருவீங்களாங்கம்மா? லாரி வேணும்னா நான் அனுப்பி உடறனுங்க." வேண்டாம் என்றேன். இருபத்து நாலு அடிப் படகு. பதினேழு வருஷம் டிரெய்லரில் ஏற்றி ஜீப்பில் மாட்டி இழுத்தவள் நான். கடைசித் தடவை மட்டும் எவனோ ஒருத்தனா?

விற்பது எங்கள் வீட்டுக்காரர் முடிவு. இவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொல்லி இரண்டே வருஷத்தில் பார்வை போய்விட்டது. இப்போது வெளிச்சம், நிழல், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "தண்ணிய பாக்க முடியாதவனுக்குப் படகு எதுக்கு, குடுத்துறலாம்" என்று. சட்னி வேண்டுமா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது.

இன்று சாயந்திரம் இன்னொன்று. "கோபில ரிவர்ஸ் எடுக்கறப்ப நாந்தான் பின்னாடி நின்னு சொல்லுவேன். எப்பவும் போல."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உளுந்து ஊற வைக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். உளுந்து காலையிலேயே ஊறிவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

பனி இல்லை. செய்ய வேண்டியவை:
டயர் நாலும் மாற்ற.
பேரிங்குக்கு கிரீஸ்.
பின்விளக்கு வயர் (எலி).
சங்கிலி, சிவப்புத் துணி.
இவருக்கு மாத்திரை வாங்க.
சாமுக்குப் போன்.

பக்கத்துப் பட்டறை பழனிச்சாமி வந்து டிரெய்லருக்கு அடியில் படுத்தார். "டயரு நாலும் வெடிச்சுக் கெடக்குதுங்கக்கா. இதைய இழுத்துட்டு கோபி வரைக்கும் நீங்களேவா போறீங்க?" நானேதான் என்றேன். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்பேனர் சத்தத்தை வைத்தே, "அந்த நட்டு இன்னும் அரைச் சுத்து இருக்குது பழனி" என்றார். இருந்தது.

இந்தப் படகு வந்த கதை. இருபது வருஷம் இருக்கும். பம்ப் ரிப்பேருக்குக் கொச்சி போனார். தேங்காய் எண்ணெய் வாங்கி வரச் சொன்னேன். ஊரைக் காலி செய்துகொண்டு போகும் எஸ்டேட்காரர் ஒருவரிடம் படகை வாங்கி வந்தார். எண்ணெயை மறந்துவிட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் படகு! தெருவே வந்து பார்த்தது. "ஏனுங்க, தண்ணி எங்கிருந்து வருமுங்க?" என்று ஒருவர் மெனக்கெட்டுக் கேட்டுவிட்டுப் போனார். இவர் அதற்கெல்லாம் அசரவில்லை. பக்கவாட்டில் என் பெயரை எழுதினார். என் மேல் நாலு பேர் ஏறி மிதிப்பதா என்று சண்டை போட்டேன். அழித்துவிட்டு "அம்மணி" என்று எழுதினார். இவர் என்னைக் கூப்பிடும் பெயர், அதுவும் நான்தான். விட்டுவிட்டேன்.

வருஷா வருஷம் டிசம்பரில் ஐந்து நாள் கொச்சியில் படகிலேயே இருப்போம். முதல் டிசம்பர். கொச்சியில் காயலுக்குள் படகை இறக்கும் சரிவு. இவர் நாலு தடவை பின்னால் எடுத்துப் பார்த்தார். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகும். எந்தப் பம்பையும் பிரித்து மாட்டும் மனிதருக்கு இது மட்டும் மண்டையில் ஏறவில்லை. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். இறங்குங்க என்றேன். எங்கள் அப்பாவுக்குக் கோபியில் டிராக்டர் இருந்தது. கரும்பு ஏற்றிய டிரெய்லரை வரப்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் பின்னால் விட்டுப் பழகியவள். ஒரே மூச்சில் தண்ணீருக்குள் இறக்கினேன். கை தட்டினார்கள்.

அப்போது இவர் முகத்தைப் பார்த்தேன். சங்கடமாகிவிட்டது. "பின்னாடி நின்னு சொல்லுங்க, எனக்குச் செரியாத் தெரிய மாட்டீங்குது" என்றேன் அடுத்த தடவை. அன்று பிடித்தது இந்தப் பழக்கம். "வா வா வா... லெஃப்ட்ல ஒடி... வரட்டும் வரட்டும்... ஓல்டான்!" தொண்டை கிழியும். பதினேழு வருஷம். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் எனக்கு எல்லாம் தெரியும். அதை இன்று வரை அவரிடம் சொன்னதில்லை.

இரவு மகன் சாம் ஓசூரிலிருந்து போன். "அப்பாவ ஊட்லயே இருக்கச் சொல்லும்மா. கண்ணு தெரியாத மனுசன் டிரெய்லருக்குப் பின்னாடி நின்னு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" அவன் சொல்வது சரி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நாளைக்குப் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நல்ல வெயில். நேற்று எழுதவில்லை, எழுத ஒன்றுமில்லை. மாத்திரை வாங்கியாயிற்று.

இன்று படகைக் கழுவினேன். ஒரு வீட்டைக் காலி செய்து கொடுத்தால் கழுவிவிட்டுத்தானே சாவி கொடுப்போம், அந்த மாதிரி. சோப்புத் தூள், தென்னந்துடைப்பம், பத்து வாளி. பிறகு ஓஸ் பைப்பையே உள்ளே விட்டேன். தண்ணீர் தரைப்பலகை இடுக்கில் நன்றாக வடிந்தது. ஒரு மணி நேரம். அழுக்கு போனது.

கேபினுக்குள் கிடைத்தவை: கல்லாகிப்போன உப்பு டப்பா. தாயக்கட்டை ஒன்று (இன்னொன்று காயலுக்குள் கிடக்கிறது, சாம் தோற்றபோது வீசியது). ஒற்றைச் செருப்பு. மண்ணெண்ணெய் அடுப்பு, இன்னமும் மீன் வாசனை.

அந்த அடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். விடிகாலையில் படகு லேசாக ஆடும். எதிர்க்கரையில் யாரோ துணி துவைப்பார்கள். இவர் எனக்கு முன்னால் எழுந்து கறுப்புத் தேநீர் போடுவார். வீட்டில் ஒரு நாளும் அடுப்படிப் பக்கம் வராதவர். ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டி, "அம்மணி, எந்திரிங்க, ஊரு வந்துருச்சு" என்பார். எந்த ஊரும் வந்திருக்காது. சுற்றிலும் தண்ணீர்தான். வருஷத்தில் அந்த ஐந்து நாள் நான் யாருக்கும் சமைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. எனக்கு அந்த நாட்கள் வேண்டும். கேட்டால் யார் கொடுப்பது.

அடுப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7, சனி

ஆறரைக்குக் கிளம்பியது. லேசான பனி. இவர் இஸ்திரி போட்ட சட்டை, தலைக்குத் தொப்பி. ஜெபம் செய்தோம். இவர் ஆமென் சொன்ன வேகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார், வீட்டில் இருங்க என்று நான் சொல்லிவிடுவேனோ என்று.

கோவில்பாளையம் வரை நாற்பது வேகத்தில். அன்னூர் டீக்கடையில் நிறுத்தினோம். கூட்டம் கூடிவிட்டது.

"கோயமுத்தூருக்குக் கடலு வருதாக்கும்?"

"மழ பலமா வருமுன்னு சொன்னாங்கல்லோ, அதுக்குத்தானாட்ட இருக்குது."

"உள்ள பாத்ரூம் இருக்குதுங்களா?" (இது ஒரு பெரியவர், ரொம்ப அக்கறையாக.)

அன்னூர் தாண்டிப் புளியம்பட்டி ரோடு. காலி ரோட்டைப் பார்த்து ஐம்பதுக்கு அழுத்தினேன். இவர் சட்டென்று கையைத் தூக்கினார். "கால எடு. பிரேக்க மிதிக்காத. கால மட்டும் எடு."

எடுத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. பின்னால் டிரெய்லர் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இடதும் வலதுமாக, ஜீப்பையும் சேர்த்து. எதிரில் ஒரு பஸ் வேறு. மெல்ல மெல்ல வேகம் இறங்கி, ஆட்டம் நின்று, புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன்.

"பின்பாரம்" என்றார் இவர். "முன்னாடி கொக்கி லேசாயிருச்சு. சீட்டுலயே தெரியுது." மாட்டு வண்டிக்காரர்கள் சொல்லும் வார்த்தை. பாரம் பின்பக்கம் கூடிவிட்டால் வண்டி முன்னால் தூக்கும். எங்கள் அப்பாவும் கரும்பு ஏற்றும்போது இதைத்தான் கத்துவார். எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் உணர்ந்தவர் இவர்.

நான் பிடிக்கப் போவதற்குள் இறங்கிவிட்டார். ஜீப்பின் மேல் ஒரு கை, பிறகு டிரெய்லர், பிறகு படகின் வயிறு. தடவிக்கொண்டே கடைசி வரை போனார். அடியில் விரல் மடக்கித் தட்டினார். "உள்ள தண்ணி நிக்குது. நேத்துக் கழுவுனயே, அடிமூடியத் தொறந்து உட்டயா?"

பின்பக்கம் அடியில் ஒரு பித்தளைத் திருகுமூடி உண்டு. தண்ணீர் வெளியேற அதைத் திறக்க வேண்டும். அது எப்போதும் இவர் வேலை, எனக்கு ஞாபகமே இல்லை. வடிந்தது என்று நான் நினைத்த பத்து வாளியும் ஓஸ் பைப் தண்ணீரும் தரைப்பலகைக்கு அடியில் போய்ப் பின்பக்கமாகத் தேங்கியிருக்கிறது. வீடு கழுவுகிற புத்தி.

சாக்கை விரித்து மல்லாந்து படுத்தார். நான் டார்ச் எடுத்து வந்தேன். "அது எனக்கு எதுக்கு?" என்றார். சரிதான். விரலாலேயே தேடிப் பிடித்துத் திருகினார். சோப்புத் தண்ணீர் சட்டை மேலேயே கொட்டியது. இருபது நிமிஷம் நிற்காமல் ஓடியது. அந்தப் பக்கம் டிராக்டரில் வந்தவர் நிறுத்தி, "ஏனுங்க, படகு ஓட்டைங்களா?" என்றார்.

"இல்லீங்க, குளிச்சுட்டு வருது" என்றார் இவர், படுத்தபடியே. சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

பிறகு ஆட்டமே இல்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன். முதுகு ஒடிகிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இவர் மட்டும் பழனிச்சாமியின் பைக்கில் போயிருக்கிறார். வெளியே வெயில். படகு நின்ற இடத்தில் நாலு டயர்த் தடமும், நடுவே நீளமாக வெளுத்த மண்ணும்.

நேற்றைய மீதி. பத்தரைக்குக் கோபி. எங்கள் அப்பா நிலம் இருந்த பக்கம் இல்லை, வேறு திசை. கதிர்வேல் முப்பத்தைந்து வயதிருப்பார். கைகூப்பி, இளநீர் வெட்டி, சிமெண்டு மேடையைக் காட்டினார். இரண்டு வரிசைத் தென்னைக்கு நடுவே அறுபதடி பின்னால் போக வேண்டும். இடது பக்கம் வாய்க்கால். மேடையை ஒட்டிப் படி கட்டி வைத்துவிட்டார்கள், படகுக்குள் ஏறுவதற்கு. கதவு படிக்கு நேராக நிற்க வேண்டும்.

அவர் ஆட்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே நேரத்தில், "வாங்க வாங்க", "ரைட்டுல ஒடிங்க", "பாத்துங்கம்மா". இவர் ஜீப்பைப் பிடித்தபடி நின்றார். ஈரம் காயாத சட்டை. என் பதிலுக்கு நிற்கிறார் என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நிற்கிறார்.

சாம் சொன்னது காதில் ஒலித்தது. வாய்க்கால் வேறு. ஆனால் புளியமரத்தடியில் என்னையும் படகையும் காப்பாற்றிய மனிதரை, இந்த ஐந்து பேர் முன்னால் ஓரமாக உட்கார வைப்பதா? எனக்கு மனசு வரவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. இவரு சொல்லுவாரு."

அவர்கள் இவர் கண்ணைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். விலகினார்கள்.

இறங்கிப் போய் இவர் காதருகே சொன்னேன்: "பின்னாடி நிக்கக் கூடாது. எம்பக்கம், பக்கவாட்டுல. படகு மேல கைய வெச்சுட்டே நடக்கோணும். கைய எடுத்தீங்கன்னா அங்கயே நிறுத்திப்போடுவேன்."

"செரிங்க, டிரைவரம்மா."

வலது கண்ணாடியில் அவர் மட்டும். உள்ளங்கை படகின் மேல், "அம்மணி" என்ற எழுத்துக்குக் கொஞ்சம் பின்னால். "வா வா வா..." அதே குரல். ஒரு தடவை தென்னை வேர் தடுக்கியது. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் நிதானித்துக்கொண்டார். "வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல லேசா..." அப்போது இடதுபக்கம் ஒடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒடித்துவிட்டு நேராக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்து கண்ணாடி மங்கியது. துடைத்தேன்.

"ஓல்டான்!"

நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் சிமெண்டு மேடைக்கு இன்னும் நாலடி.

"இன்னும் வரோணுங்க" என்றான் ஒருவன். நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எஞ்சினை அணைத்தேன்.

கதிர்வேல் மேடையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் கை இன்னும் படகின் மேல்தான் இருந்தது. கதிர்வேல் தன் ஆளிடம் மெல்ல, "இருக்கட்டும் உடு" என்றார். என்னிடம் வந்து, "இங்கயே நல்லாத்தானுங்கம்மா இருக்குது. நெழலு இருக்குது. படிய நான் இந்தப் பக்கம் நீட்டிக் கட்டிக்கறனுங்க." புதுப் படி, சிமெண்டு பூசி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது.

சக்கரத்துக்கு அண்டைக் கல் வைத்தார்கள். கொக்கியைக் கழற்றினேன். சாப்பாடு போட்டார்கள், அரிசியும் பருப்பும் சாதம், ரசம், தயிர். இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது படகின் பக்கம் திரும்பவே இல்லை. நான் திரும்பினேன்.

வரும்போது ஜீப் லேசாக ஓடியது. பழக்கதோஷம், திருப்பத்துக்குத் திருப்பம் அகலமாக ஒடித்துக்கொண்டிருந்தேன். நம்பியூர் தாண்டிய பிறகு இவர் வாய் திறந்தார்.

"மேடைக்கு எத்தன இருந்துச்சு?"

நேராகத்தான் நின்றது என்று சொல்ல நினைத்தேன். வரவில்லை. "நாலடி இருக்குமுங்க."

"தெரியும். காலுக்குக் கீழ மண்ணுதான் இருந்துச்சு, சிமெண்டு வரல."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"உனக்குத்தான் கண்ணாடில எல்லாந் தெரியுமே. கொச்சில இருந்தே எனக்கு அது தெரியும். நீ எதுக்கு நிறுத்துன?"

"நீங்க சொன்னீங்க, நிறுத்துனேன்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் நாலடி உட்டா முடிஞ்சு போயிருமே, அம்மணி."

ஜீப்பை ஓரம் கட்டினேன்.